கிணறும் நாவலும்: ஒரு வாசகனின் குறிப்புகள்

1

நாவல் பற்றிய கட்டுரை என்றதும் அதன் தோற்றம், வளர்ச்சி, வகைப்பாடு என்னும் வரிசையிலே தொடங்குவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. 1885ஆம் ஆண்டில் வெளிவந்த சித்திலெவ்வையின் 'அசன்பேயுடைய கதை'யில் ஆரம்பித்து, மங்களநாயகம் தம்பையாவின் 'நொறுங்குண்ட இருதயம்' (1914) வழியாக இக்காலம் வரை வந்து சேரும் அந்நெடிய பட்டியலை ஈண்டு மீண்டும் ஒப்புவிக்க நான் முனையவில்லை. அப்பணியை ஆய்வாளர் பலர் செவ்வனே செய்துள்ளனர். நான் ஆய்வாளன் அல்லன், வாசகன். கடந்த சில மாதங்களாக அடுத்தடுத்து வாசித்த நாவல்கள் என்னுள் எழுப்பிய சில வினாக்களை, அவற்றுக்கு முடிந்த முடிபான விடைகள் என்னிடம் இல்லை என்பதை ஒப்புக்கொண்டே, வாசகர் முன் வைப்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இவ்வாசிப்புக்கு ஒரு நிமித்தம் உண்டு. 2021 டிசெம்பரிற் செ. கணேசலிங்கன் சென்னையிற் காலமானார். அவர் 1928இல் உரும்பிராயிற் பிறந்தவர். சிறுகதை, நாவல், கட்டுரை எனப் பெருந்தொகையான நூல்களை எழுதியவர்; 'குமரன்' என்னும் இதழை நடத்தியவர்; ஈழத்து முற்போக்கு இலக்கிய இயக்கத்தின் முன்னணியில் நின்றவர். எமது ஊரின் பெயரைக் கேட்டதும் வெளியூரார் நினைவுகூர்வது 1974இல் உயிர்நீத்த பொன். சிவகுமாரனையே. அவரது சிலையும் ஊரில் உண்டு. ஆனால் எமது செம்மண்ணிற் பிறந்த நாவலாசிரியர் ஒருவர் மறைந்த செய்தி வந்தபோது, அவருடைய நாவல் ஒன்றையேனும் முழுதாக வாசித்தவர் எத்தனை பேர் என அயலில் விசாரித்தேன். விரல்விட்டு எண்ணவும் ஆள் தேறவில்லை. அதைவிட வெட்கத்துக்குரிய செய்தி, நானும் அவ்வாசிப்பை மறந்திருந்தேன் என்பது. பாடசாலைப் பருவத்தில் இரவல் பெற்று வாசித்த 'நீண்ட பயணம்' மங்கலான ஒரு நினைவாகவே என்னிடம் எஞ்சியிருந்தது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டதையும், 1995இன் இடப்பெயர்விலே வீட்டுக்கு வீடு புத்தகப் பெட்டிகள் அழிந்ததையும் அறிந்தவர்கள், இத்தகைய நூல்கள் கைக்கெட்டாமற் போனமைக்கு வேறு விளக்கம் கேட்கமாட்டார்கள். இன்று 'நூலகம்' எண்ணிம நூலகத்தின் உதவியால் பழைய பதிப்புகள் பலவற்றை மீண்டும் காண முடிகின்றது. அவ்வாறு தொடங்கிய வாசிப்பு, ஒரு நூலிலிருந்து மற்றொன்றுக்கு என்னை இட்டுச் சென்றது.

2

'நீண்ட பயணம்' 1965இல் வெளிவந்தது. இலங்கைச் சாகித்திய மண்டலத்தின் பரிசையும் பெற்றது. யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றிலே தாழ்த்தப்பட்ட சாதியிற் பிறந்த இளைஞன் ஒருவனை நடுவாக வைத்து, அச்சமூகம் தன் நிலையை உணர்ந்து எழுகின்ற கதையை அந்நாவல் கூறுகின்றது. சாதிக் கொடுமையைக் கதையின் ஓர் ஓரத்திலே அனுதாபத்துக்குரிய காட்சியாகக் காட்டுவது அதற்கு முன்பும் நிகழ்ந்ததுண்டு. ஒடுக்கப்பட்டோரின் எழுச்சியையே நாவலின் முதுகெலும்பாக அமைத்த முன்னோடி முயற்சிகளுள் இது முக்கியமானது.

இந்நாவலின் காலப் பொருத்தம் மனங்கொள்ளத்தக்கது. சமூகக் குறைபாடுகள் தடைச் சட்டம் 1957இல் நிறைவேறியிருந்தது. எனினும் தேநீர்க் கடைகளும் கோயில்களும் பொதுக் கிணறுகளும் சட்டத்துக்கு வெளியே தமக்கெனத் தனியான ஒரு சட்டத்தைக் கொண்டிருந்தன. 1966 ஒக்டோபர் 21ஆந் திகதி சுன்னாகத்திலிருந்து யாழ்ப்பாணம் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம், 1967இல் உருப்பெற்ற தீண்டாமை ஒழிப்பு வெகுஜன இயக்கம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகிய அனைத்தும் இந்நாவலுக்குப் பிந்தியவை. நடந்து முடிந்ததைப் பதிவுசெய்த நாவல் அன்று இது. நடக்கவிருந்ததை முன்னுணர்ந்த நாவல். 1969இல் அவர் எழுதிய 'போர்க்கோலம்' அப்போராட்டங்களின் வெப்பத்திலேயே பிறந்தது.

இவ்வளவு முக்கியமான ஒரு நாவல் என் நினைவில் ஏன் தங்கவில்லை? இந்த வினாவே என்னைப் பல நாள் வருத்தியது. காரணங்கள் இரண்டெனத் தோன்றுகின்றது. ஒன்று நாவலின்பாற் பட்டது. மற்றது என்பாற் பட்டது.

நாவலின்பாற் பட்டதை முதலிற் கூறுகின்றேன். கணேசலிங்கனின் பாத்திரங்கள் பல சந்தர்ப்பங்களில் வாழ்வதைவிட விளக்குகின்றன. சமுதாய அமைப்பைப் பற்றி ஆசிரியர் அறிந்தவற்றைப் பாத்திரங்களும் அறிந்திருக்கின்றன. அதனைக் கட்டுரையின் ஒழுங்கோடு எடுத்துரைக்கவும் செய்கின்றன. வாசகன் தானே கண்டு திடுக்கிட வேண்டிய ஓர் உண்மை அவனுக்கு முன்கூட்டியே சொல்லப்பட்டுவிடுகின்றது. சொல்லப்பட்ட உண்மையை ஏற்றுக்கொள்வது எளிது. ஏற்றுக்கொண்டபின் மறந்துவிடுவதும் எளிது.

என்பாற் பட்ட காரணம் இதனினும் கடுமையானது. நான் அந்நாவலை வாசித்த காலத்தில் எமது வளவுக் கிணற்றடியில் ஒரு கல் இருந்தது. வெங்காயம் கிண்டும் காலத்தில் தோட்டத்துக்கு வரும் பெண்கள் அக்கல்லுக்கு அப்பால் குடத்தை வைத்துவிட்டு நிற்பார்கள். ஆச்சியோ அம்மாவோ துலாவில் அள்ளி ஊற்றும்வரை நிற்பார்கள். ஒருநாள் ஆச்சி குளித்துக்கொண்டிருந்தமையால் நான் வாளியை எடுத்து அப்பெண்களுள் ஒருவரிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை. "தம்பி, நீங்கள் வாருங்கோ, இல்லாட்டி ஆச்சி வரட்டும்" என்றார். அன்றிரவு வீட்டிலே எனக்குக் கிடைத்த ஏச்சைவிட, நீட்டிய வாளியை வாங்காத அக்கையே பின்னர் பல ஆண்டுகள் நினைவில் நின்றது. ஆயினும் அக்கையையும் அதே மாதத்தில் வாசித்த நாவலையும் நான் இணைத்துப் பார்க்கவில்லை. நாவலில் வருவது வேறொரு கிராமம், வேறு மனிதர்கள் செய்யும் கொடுமை என்றே எண்ணினேன். கொடியவர்களாகக் காட்டப்பட்ட பாத்திரங்கள் எம்மவர்களாகத் தோன்றவில்லை. ஆச்சி கொடியவர் அல்லரே! கொடுமை செய்வதற்குக் கொடியவராய் இருக்க வேண்டியதில்லை என்பதை அந்நாவல் எனக்கு உணர்த்தவில்லை. அல்லது உணரும் நிலையில் நான் இருக்கவில்லை.

3

இவ்விடத்தில் 'சடங்கு' என்னும் ஒரே பெயருடைய இரு நாவல்களை ஒப்புநோக்குதல் பயன்தரும். ஒன்று கணேசலிங்கனுடையது (1966). மற்றது எஸ். பொன்னுத்துரையினுடையது, 1970களின் தொடக்கத்தில் நூலுருப் பெற்றது. இருவரும் ஒரே இயக்கத்தில் நின்று பின்னர் எதிரெதிர் அணியினராகியவர்கள். பொன்னுத்துரை முற்போக்கு அணியிலிருந்து பிரிந்து 'நற்போக்கு' என்னும் கொள்கையை முன்வைத்தமை பலரும் அறிந்ததே.

இரு நாவல்களும் யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தையே பொருளாகக் கொண்டன. கணேசலிங்கன் காட்டும் சடங்கு திருமணம். சீதனம், குடும்ப கௌரவம், உத்தியோகம் என்பவற்றால் நிறுக்கப்படும் ஒரு கொடுக்கல் வாங்கலாக மணவுறவு மாறிவிட்டதை அவர் விமர்சிக்கின்றார். 'நீண்ட பயணம்', 'சடங்கு', கொழும்பைக் களமாகக் கொண்ட 'செவ்வானம்' (1967) ஆகிய மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வாசிக்கும்போது, கிராமத்தின் நிலவுடைமை உறவுகளிலிருந்து மத்தியதர வர்க்கத்தின் ஊடாக நகரத்து முதலாளி தொழிலாளி உறவுகளுக்குச் செல்லும் ஒரு திட்டமிட்ட நோக்கு புலப்படுகின்றது. ஈழத்து எழுத்தாளர் ஒருவர் தம் சமுதாயம் முழுவதையும் நாவலுக்குள் அளந்துவிட வேண்டும் என்று கொண்ட பேராசை அது. அப்பேராசை மதிக்கப்பட வேண்டியது.

பொன்னுத்துரையின் 'சடங்கு' இதற்கு நேர்மாறானது. அதன் களம் ஏறக்குறைய ஒரு வீடு. காலம் சில நாள். கொழும்பிலே எழுதுவினைஞனாய் இருக்கும் செந்தில்நாதன் மனைவி அன்னலட்சுமியைக் காண ஊருக்கு வருகின்றான். பிள்ளைகள், மாமியார், உறவினர், ஊர்க்காரியங்கள் என ஒவ்வொன்றாய்க் குறுக்கிட, கணவனும் மனைவியும் தனித்திருக்க ஒரு வேளை வாய்க்காமலே விடுமுறை கழிகின்றது. கதை இவ்வளவே. ஆனால் கடிதத்திலும் மாதச் சம்பளத்திலும் புகையிரதப் பயணத்திலும் தொங்கிக்கொண்டிருந்த யாழ்ப்பாணத்துக் குடும்ப வாழ்வின் அவலத்தை அது சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவிடுகின்றது. எவரும் எதையும் விளக்குவதில்லை. வாசித்து முடித்தபின் எமக்குத் தெரிந்த பத்து வீடுகள் நினைவுக்கு வருகின்றன.

அப்படியாயிற் பொன்னுத்துரை வென்றார், கணேசலிங்கன் தோற்றார் என்று தீர்ப்புரைத்துவிடலாமா? பலர் அவ்வாறே உரைத்தனர். என்னால் அவ்வளவு விரைவில் இயலவில்லை. பொன்னுத்துரையின் 'சடங்கு' வீட்டினுள்ளே நடப்பதை இத்துணை நுண்மையாகக் காட்டுகின்றது. எனினும் அவ்வீட்டின் வேலிக்கு வெளியே குடத்தோடு நிற்பவரைப் பற்றி அதற்கு அக்கறையில்லை. கணேசலிங்கனுக்கு அவ்வக்கறை உண்டு. அவரைக் கண்முன் நிறுத்தும் நுண்மை போதவில்லை. ஒருவரிடம் இருந்தது மற்றவரிடம் இல்லாமற் போனது அவ்விருவரின் குறை மட்டுமன்று. இலக்கியத்தை இரு முகாம்களாகப் பிரித்து, ஒரு முகாமுக்கு உள்ளடக்கத்தையும் மற்றதற்கு உருவத்தையும் பங்கிட்டுக் கொடுத்த அக்காலத்தின் குறையுமாகும்.

4

இரண்டும் ஓரிடத்திற் கூடிய நாவல்களைத் தேடியபோது கே. டானியலிடம் வந்து சேர்ந்தேன். 'பஞ்சமர்' 1972இல் வெளிவந்தது. பின்னர் 'கோவிந்தன்', 'அடிமைகள்', 'கானல்' முதலியன வந்தன. டானியல் 1986இல் தஞ்சாவூரிற் காலமானார். 'தண்ணீர்' அவர் மறைந்த பின்னரே நூலாயிற்று. கணேசலிங்கன் கோட்பாட்டின் வழியாகப் பொருளிடம் வந்தவர் என்றால், டானியல் பொருளின் உள்ளேயே பிறந்து கோட்பாட்டிடம் சென்றவர் எனலாம்.

'பஞ்சமர்' நாவலிலே தனிநாயகன் என ஒருவனைச் சுட்டுவது கடினம். ஐயாண்ணன் போன்ற முதியவர்கள், இளைஞர், வசையும் நகையும் கலந்து பேசும் பெண்கள் என ஒரு சனக்கூட்டமே அதன் பாத்திரம். குடிமை முறையின் கடமைகள், சாவீட்டிலும் கலியாண வீட்டிலும் யார் எவ்விடத்தில் நிற்கலாம் என்னும் விதிகள், கள்ளுக் கொட்டிலின் பேச்சு, பனையேறும் தொழிலின் நுட்பம் ஆகியவற்றை அவர் தகவலாகச் சேகரித்து எழுதவில்லை. அவற்றினுள்ளே வாழ்ந்தவரின் நினைவாற்றலோடு எழுதினார். 1960களின் மரபுப் போராட்டத்தின்போது பண்டிதர்களால் 'இழிசனர் வழக்கு' எனப் பழிக்கப்பட்ட மொழியே இந்நாவல்களின் உயிராக அமைந்தது. தம் முன்னோரின் பேச்சு அச்சில் ஏறியதைக் காணும் உரிமை ஒரு சமூகத்துக்கு முதன்முறையாகக் கிடைத்தது என்பதை நாம் எளிதாக எண்ணிவிடலாகாது.

டானியலிடம் குறைகள் இல்லையா? உண்டு. உயர்சாதிக் குடும்பங்களின் மறைவொழுக்கங்களை அம்பலப்படுத்துவதில் அவர் கொண்ட ஆர்வம் நாவலுக்கு நாவல் மீண்டும் மீண்டும் வந்து ஒரு வாய்பாடாகிவிடுகின்றது. தற்செயல்கள் மிகுதி. கதை தளர்கின்ற இடங்களில் ஆசிரியரின் குரல் உரத்து ஒலிக்கின்றது. ஆயினும் மதமாற்றம் விடுதலை தரும் என நம்பிச் சென்றவர்களுக்கு அங்கும் சாதி காத்திருந்தது எனக் கூறும் 'கானல்', அவருடைய நேர்மைக்குச் சான்று. தம் மக்களுக்கு இதமான பொய்யொன்றைச் சொல்ல அவர் உடன்படவில்லை.

'தண்ணீர்' என்னும் தலைப்பின் முழுப் பொருளை யாழ்ப்பாணத்தை அறியாதவர் உணர்தல் அரிது. எமது குடாநாட்டிலே வற்றாத ஆறு கிடையாது. மழைக்கு ஓடும் வழுக்கியாற்றைத் தவிர, குடிப்பதற்கும் குளிப்பதற்கும் தோட்டத்துக்கும் சுண்ணாம்புக் கற்பாறையின் அடியில் தேங்கும் நிலத்தடி நீரே கதி. ஆறு ஓடும் நாட்டில் ஒருவனைத் துறையிலிருந்து விலக்கினால் அவன் அடுத்த துறைக்குச் செல்லலாம். கிணறு மட்டுமே உள்ள நாட்டிலோ கிணறு நிலத்தோடு சேர்ந்தது; நிலம் இல்லாதவனுக்குக் கிணறும் இல்லை. தண்ணீர் பெறுவதற்கு அவன் ஒருவரின் மனமிரங்கலை நாள்தோறும் எதிர்பார்த்து நிற்க வேண்டும். சாதியும் நிலவுடைமையும் ஒன்றோடொன்று பின்னியிருந்த விதத்தை விளக்கப் பேருரைகள் தேவையில்லை. கிணற்றடி ஒன்றே போதும். டானியல் அதனைக் கண்டுகொண்டார். எமது வளவின் கல்லையும் வாளியை வாங்காத கையையும் எனக்குத் திருப்பித் தந்தவை அவருடைய நாவல்களே. அதன்பின் 'நீண்ட பயண'த்தை மறுபடி வாசித்தபோது அது எனக்கு வேறொரு நாவலாக இருந்தது. விளக்கங்கள் என முன்னர் சலித்த இடங்களில், எவரும் பேசத் துணியாத ஒன்றை ஒருவர் முதன்முதலாகப் பேச முற்படும்போது நேரும் தடுமாற்றத்தைக் கண்டேன்.

5

கிணற்றடியைப் பற்றிப் பேசும்போது மு. தளையசிங்கத்தை நினையாதிருத்தல் முறையன்று. முற்போக்கு எழுத்தாளரை 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி'யிலே கடுமையாக விமர்சித்தவர் அவர். கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) முதலிய நூல்களில் நாவலைச் சமுதாய மாற்றத்தோடு பிணைத்து நோக்கினார் என்றால், தளையசிங்கம் அப்பார்வை மனிதனின் ஆன்மிகத் தேவையைக் காணத் தவறுகின்றது என வாதிட்டார். இரு தரப்பாரின் எழுத்துகளையும் வாசிக்கும் இன்றைய மாணவர், இவர்களிடையே ஒன்றுபடும் இடமே இல்லை என எண்ணக்கூடும்.

ஆனால் 1971இல் புங்குடுதீவிலே, ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நன்னீர்க் கிணற்றில் அள்ளும் உரிமை வேண்டும் என நிகழ்ந்த போராட்டத்தில் முன்னின்றவர் தளையசிங்கம். அதன் பொருட்டு அவர் பொலிசாரின் தாக்குதலுக்கும் சிறைவாசத்துக்கும் உள்ளானார். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே மறைந்தார். மாவோவை வாசித்த டானியலும் ஆன்மிகத்தைப் பேசிய தளையசிங்கமும் ஏடுகளிலே ஒருவரையொருவர் மறுத்தனர். கிணற்றடியிலே ஒரே பக்கத்தில் நின்றனர். எமது விமர்சன வரலாறு ஏடுகளின் சண்டையை விரிவாகப் பதிவுசெய்த அளவுக்கு இவ்வொற்றுமையைப் பதிவுசெய்யவில்லை என்பதே என் ஆதங்கம்.

6

1970களிலே வீரகேசரிப் பிரசுரங்களாக வெளிவந்த நாவல்கள் ஈழத்து வாசகர் தொகையைப் பெருக்கின. நெடுந்தீவின் மீனவர் வாழ்வைக் கூறும் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று', வன்னியின் காட்டோரக் குடிகளைச் சித்திரிக்கும் பாலமனோகரனின் 'நிலக்கிளி' ஆகிய இரண்டையும் இம்முறையும் மகிழ்ச்சியோடு வாசித்தேன். மண்வாசனை எனப் புகழப்பட்ட அவற்றைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.

1983க்குப் பின் எமது நாவலின் பொருள் முற்றாக மாறியது. போர், இடப்பெயர்வு, புலப்பெயர்வு என்பன முன்வந்தன. ஷோபாசக்தியின் 'கொரில்லா' (2001), மலையகத்திலிருந்து வன்னிக்கு வந்து குடியேறியவர்களின் வாழ்வையும் அழிவையும் உள்ளடக்கிய சயந்தனின் 'ஆதிரை' (2015) ஆகியன இவ்வகையில் நான் அண்மையில் வாசித்தவை. எஞ்சிய சிலரின் நினைவில் மட்டும் இருந்தவற்றை இலக்கியமாக்கிய பெருமை இத்தலைமுறைக்கு உண்டு. 'ஆதிரை' போன்ற நாவல்களிற் சாதி பற்றிய பிரக்ஞை இல்லாமலும் இல்லை. ஆனால் அவற்றை வாசிக்கும் நாம், போர் எல்லாவற்றையும் சமமாக்கிவிட்டது என்னும் ஆறுதலை அவற்றிலிருந்து பெற விழைகின்றோம் போலும்.

அவ்வாறு சமமாக்கியதா? 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி இரவு, மழையில், வலிகாமம் முழுவதும் தெருவில் இறங்கித் தென்மராட்சியை நோக்கி நடந்தது. நாங்களும் நடந்தோம். மூன்றாம் நாள் ஒரு வளவின் படலையிலே வெறுங்குடத்தோடு நின்றோம். அவ்வீட்டு முதியவர் வந்து, நாங்கள் எவ்வூர், ஊரில் எந்தப் பகுதி என்று கேட்டார். கேள்வியின் பொருள் எங்களுக்குத் தெரியும். அம்மா பதில் சொன்னார். படலை திறந்தது, வாளியும் எங்கள் கைக்கு வந்தது. எமக்குப் பின்னால் நின்ற குடும்பத்தாரிடமும் அதே கேள்வி கேட்கப்பட்டது. அவர்கள் ஒன்றும் சொல்லாமல் அடுத்த ஒழுங்கைக்குத் திரும்பிவிட்டார்கள். நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை. அன்று குடித்த தண்ணீரை நான் எந்த நாவலிலும் வாசிக்கவில்லை. வாசித்திருந்தால் நம்ப மறுத்திருப்பேன்.

போர் முடிந்து பல ஆண்டுகள் கழிந்த பின்னும் வலிகாமத்தின் நலன்புரி முகாம்களில் இறுதிவரை எஞ்சியவர்களுள் நிலமற்ற ஒடுக்கப்பட்ட மக்களே மிகுதியாக இருந்தனர் என்பது ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டிய உண்மை. இன்று துலாவும் இல்லை, கல்லும் இல்லை. மின்பம்பி தாங்கிக்கு நீரேற்றுகின்றது; குழாய் யாரிடமும் சாதி கேட்பதில்லை. ஆயினும் கலியாணப் பேச்சும் கோயில் உபயமும் இன்னும் கேட்கின்றன. வெளித்தெரியும் அடையாளங்கள் மறைந்து, உள்ளே மட்டும் வாழும் ஒரு பழக்கத்தை எழுதுவது, வெளிப்படையான கொடுமையை எழுதுவதிலும் கடினம். அதற்குக் கணேசலிங்கனின் முழுமை நோக்கும், பொன்னுத்துரையின் வீட்டுநுண்மையும், டானியலின் அனுபவ அறிவும் ஒருங்கே வேண்டும். குடத்தோடு நின்றவரின் பக்கத்திலிருந்து டானியல் எழுதிவிட்டார். வாளியைத் தன் கையில் வைத்திருந்தவரின் பக்கத்திலிருந்து, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாமல் எழுதப்பட்ட நாவலை நான் இன்னும் சந்திக்கவில்லை.

அந்நாவல் எழுதப்படுமாயின் அது உரும்பிராயிலிருந்து வருதல் பொருத்தமே. 1965இலே தொடங்கிய பயணம் நீண்டது என்பதை அதன் ஆசிரியர் தலைப்பிலேயே எமக்குச் சொல்லி வைத்தார். அவருடைய நூல்களை மீண்டும் கையிலெடுப்பதே அவருக்கு நாம் செலுத்தக்கூடிய முதல் அஞ்சலி. வாசித்தபின், எமது கிணற்றடியில் இருந்த கல்லை அங்கு இருந்தது என்றே ஒப்புக்கொள்வது இரண்டாவது அஞ்சலி.